தரங்கம்பாடிக்குப் போன ரயில்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் நேராக டேனிஷ் கோட்டைக்குத்தான் போவார்கள். நானும் நண்பர்களை அங்கேதான் கூட்டிப் போவேன். போன மாதம் அப்பாவோடு போனபோது அவர் கோட்டைப் பக்கமே வரவில்லை. "ஸ்டேஷன் எங்கடா இருந்துச்சு?" என்று கருவேலம் புதருக்குள் தேட ஆரம்பித்துவிட்டார்.

1926ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். (காந்தி தில்லையாடிக்கு வந்தது 1915ல். அவருக்கு இந்த ரயில் கொடுத்துவைக்கவில்லை.) 1986ல் நட்டம் என்று நிறுத்திவிட்டார்கள்.

பாழடைந்த ஸ்டேஷன் படங்களை யாராவது இணையத்தில் போட்டால் நானும் ஒரு சோக முகம் போட்டு, அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஏதோ சொன்னேன்.

அப்பா, "அவங்க எங்கடா நிறுத்துனாங்க? நாங்கதான் நிறுத்துனோம்" என்றார்.

ஆக்கூரிலிருந்து மன்னம்பந்தல் கல்லூரிக்கு முதல் வருஷம் ரயிலில் போயிருக்கிறார். அப்புறம் பஸ் அடிக்கடி வந்தது, கை காட்டினால் நின்றது. எல்லாரும் மாறிவிட்டார்கள். இவரும்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நாமே கைவிட்ட ஒன்றுக்காக அழ நமக்கு என்ன உரிமை? வீட்டில் இருந்தவரை கவனிக்காத பாட்டிக்குச் சாவுக்கு மேளம் வைக்கிற மாதிரிதானே இது?

ஆனால் அந்த "எல்லாரும்" என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் தரையில் மீன்கூடைகள் இருக்கும், அந்தப் பெண்கள் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார்கள். அப்பா பஸ்ஸுக்கு மாறலாம். கூடை மாற முடியுமா? 2021 டிசம்பரில்கூட குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை, நாற்றம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது செய்தியாகி, முதலமைச்சரே கண்டிக்க வேண்டியிருந்தது.

நட்டக் கணக்கு ஆட்களை எண்ணும். போனவர்களுக்கு வேறு வழி இருந்தது, மிஞ்சியவர்களுக்கு இல்லை என்பது அந்தக் கணக்கில் ஏறாது.

பத்துக் கூடைக்காக ஒரு ரயில் ஓட்ட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதே ஊரில் தண்ணீருக்கு நாம் அப்படிக் கேட்பதில்லை. மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் டெல்டா முழுக்கப் பேச்சு. வழியில் எவ்வளவு வீணாகிறது, கடைசி நாலு ஊருக்கு இது கட்டுபடியாகுமா என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடிக்க வருவார்கள். வந்து சேராவிட்டால் அதற்கு நம்மிடம் உள்ள பேர் அநியாயம்.

ரயிலையும் வாய்க்கால் மாதிரி நினைத்த காலம் இந்த ஜில்லாவில் இருந்திருக்கிறது. 1894ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்துக் கூடுதலாக வசூலித்த பணம் அது. வரி கட்டியவர்கள் எல்லாருமா அந்த ரயிலில் ஏறினார்கள்?

ஆகவே அப்பா சொன்னதில் பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். ஏங்குவதற்கு அவருக்கும் எனக்கும் உரிமை குறைவு. கேட்பதற்கு உரிமை உள்ளவர்கள் வேறு யாரோ.

திரும்பும்போது சாலையோரம் மீன் விற்ற அம்மாவிடம் அப்பா கேட்டார்: "ஏம்மா, இங்கேருந்து ரயில்ல போனது ஞாபகம் இருக்கா?"

"எங்கம்மா போயிருக்கு. நான் ஷேர் ஆட்டோதான். கூடைக்கும் சேத்துக் காசு குடுத்துடுவேன்யா."

ஒரு கிலோ சங்கரா வாங்கினோம். இரண்டு பையில் சுற்றி, என் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை.