பெயர் யாருக்கு உரியது?

காரமடைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் கறிவேப்பிலை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். அகவை முதிர்ந்த உழவர்களின் பட்டறிவை அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்து, வாரம் ஒன்றாக வெளியிட்டு வருபவர் அவர். ‘பாட்காஸ்ட்’ என்று இன்று பலரும் அழைக்கும் இவ்வலையொலி, விரும்பிய வேளையில் கைப்பேசியில் கேட்கத்தக்க வானொலியைப் போன்றது. 40 வாரங்கள் உழைத்தும் கேட்போர் தொகை 200-ஐத் தாண்டவில்லை. விளம்பரத் துறையை அறிந்த நண்பர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறியிருந்தார்: முதியவர்களின் பேச்சைக் குறை, உன் முகத்தையும் பெயரையும் முன்னே வை, நாள்தோறும் ஏதேனும் வெளியிடு, முதலில் நீயே ஒரு ‘பிராண்ட்’ ஆக வேண்டும்.

“பேரு தெரியாதவன் பேச்சை யாருங்கய்யா கேப்பாங்க? ஆனா, பேருக்காகவே பேச ஆரம்பிச்சா அது தப்புங்களா?” என்று அவர் கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

‘பிராண்ட்’ எனும் ஆங்கிலச் சொல்லின் வேர், எரிதலைக் குறிப்பது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் உடலில் இடும் சூட்டுக்குறிக்கு அப்பெயர் வழங்கிற்று. காங்கேயம் காளைகளைப் பேணி வளர்த்த கொங்கு மக்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. அக்குறி மாட்டின் தரத்தைக் கூறுவதில்லை. அது யாருடைய மாடு என்பதையே கூறும். பின்னர் அச்சொல் வணிகச் சரக்குகளின்மீது ஏறியது. இறுதியில் மனிதனையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வணிகக் குறியாக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று, அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997 ஆகஸ்டில் ‘பாஸ்ட் கம்பெனி’ எனும் இதழில் எழுதினார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. மாட்டின்மீது குறியிட்டவர் அதன் உரிமையாளர். தன்மீது தானே குறியிட்டுக்கொள்ளும் மனிதனுக்கு உரிமையாளர் யார்? நேற்று எத்தனை பேர் கேட்டனர் எனும் கணக்கைப் பார்த்த பின்னரே மகிழவோ சோரவோ துணிகின்றவன், தனக்குத்தானே உரியவனாக இருக்கின்றானா?

எனினும், விளம்பரம் அனைத்தையும் வீண்பெருமை என்று தள்ளிவிடுவது எளிய விடையே அன்றி நேர்மையான விடையன்று. உழவர் தம் விளைச்சலின் தரத்தைச் சந்தையில் எடுத்துச் சொல்லாதிருப்பது அடக்கமாகாது. அது குடும்பத்துக்கு இழைக்கும் தீங்காகவும் முடியலாம். மலைப்பொழிவிலேயே இவ்விரு பக்கங்களையும் காண்கிறோம். மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம், நற்செயலின் ஒளியை மறைத்து வைக்கலாகாது என்கிறது. அடுத்த அதிகாரமோ, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அறம் செய்வதை எச்சரிக்கிறது. மேலோட்டமாக நோக்கின் இது முரணாகத் தோன்றும். ஆனால் இரண்டிலும் செயல் பிறர் கண்ணில் படவே செய்கிறது. முன்னதில் காண்போரின் புகழ் தந்தையாம் இறைவனைச் சென்று சேர்கிறது. பின்னதில் அது செய்தவனிடமே தேங்கி நின்றுவிடுகிறது. ஆகவே, பெயர் அறியப்படலாமா என்பதன்று வினா. அறியப்பட்ட பெயர் எதற்கு வழியாகிறது என்பதே வினா.

நம் கொங்கு மண்ணிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. கோவைக்கு மேற்கே வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் எனும் மூதாட்டி, கூலி வேலைக்குச் செல்வோரின் பசியாற வேண்டும் என்று ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மலிவு விலையில் இட்லி விற்றுவந்தார். 2019-ஆம் ஆண்டில், விறகடுப்பில் வெந்த அவருடைய ஒரு ரூபாய் இட்லி காணொளி வழியாக நாடெங்கும் அறியப்பட்டது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதனைக் கண்டு உதவ முன்வந்தார். எரிவாயு அடுப்பு கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு அன்னையர் நாளன்று புதிய வீடும் வழங்கப்பெற்றது. புகழ் வந்தபின் விலையை உயர்த்தியிருந்தால் குறை கூறியிருப்பவர் யார்? ஆயினும் 2020-ஆம் ஆண்டின் பொது முடக்கக் காலத்திலும் அவர் இட்லியை ஒரு ரூபாய்க்கே விற்றார்.

காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்த தேக்கம்பட்டியின் பாப்பம்மாளையும் நினைவுகூர்வோம். சிறு கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, இயற்கை வேளாண்மை செய்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பு கொண்டு கற்றவர் அவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவர் நூறு வயதைக் கடந்திருந்தார். 2024 செப்டம்பரில் மறைந்தார். விருதை எதிர்பார்த்து எவரும் நூறு ஆண்டுகள் காத்திருக்க மாட்டார். பெயர் வருவதற்கு முன்பே அவருடைய வாழ்வு நிறைந்திருந்தது என்பதே உண்மை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இவ்விருவரும் தம்மைத் தாமே விளம்பரப்படுத்தவில்லை. யாரோ ஒருவர் கருவியை ஏந்திச் சென்றதனால்தானே உலகம் அவர்களை அறிந்தது? உண்மைதான். விளம்பரம் எனும் கருவி இல்லாதிருந்தால் அந்த அடுப்பும் அந்த வீடும் வந்திருக்க மாட்டா. அக்கருவியை வைத்திருப்பவர் அதனை எந்தத் திசையில் திருப்புகிறார் என்பதில்தான் அறம் அடங்கியிருக்கிறது.

குரலையே தொழிலாகக் கொண்டவர்க்கும் இது பொருந்தும். சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009-ஆம் ஆண்டில் மறைந்தார்; ஆயினும் அவர் குரலைப் பலர் இன்றும் மறக்கவில்லை. காலைதோறும் சில மணித்துளிகள் பேசினார். ஒரு செய்தியும் ஒரு சிரிப்பும் தந்துவிட்டு விடைபெற்றார். கேட்டவர்கள் அச்செய்தியை அன்றைய நாளுக்கு எடுத்துச் சென்றனர். அவர் பெயர் அதன் பின்னால் தானே வந்தது.

ஆகவே, நண்பர் கூறிய அறிவுரையில் ‘தளராமல் தொடர்ந்து செய்’ என்னும் பகுதியை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். பெயர் என்பது பிறர் நமக்குத் தரும் நம்பிக்கைக் கடன்; தவணை தவறாத உழைப்பே அதற்கு ஈடு. உழைப்புக்கு முன்பே பெயரைக் கேட்பது, ஈடின்றிக் கடன் கேட்பதை ஒக்கும். தம்மை அறிவித்துக்கொள்ளும் எவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: நாளை கேட்பவர் ஒருவரும் இல்லை என்றாலும் இப்பணியை வேறு வழியிலேனும் செய்வோமா? ‘ஆம்’ எனில், விளம்பரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ‘இல்லை’ எனில், நாம் செய்துவந்தது பணியன்று.

இவற்றை நாம் கூறிக்கொண்டிருந்தபோது, அவ்விளைஞர் தலைகுனிந்தவாறே மற்றொன்றைச் சொன்னார். நண்பரின் சொல் கேட்டு, பெரியவர் ஒருவர் அரைமணி நேரம் கூறியதை ஒரே நிமிடமாக வெட்டி, தம் முகத்தை முன்னே வைத்து வெளியிட்டிருக்கிறார். முன்பு 200 பேர் கேட்ட இடத்தில் அதனை 3,000 பேர் பார்த்தனராம். பேரனிடம் சொல்லி அதனைப் போடச் செய்த பெரியவர், முழுவதும் பார்த்துவிட்டு, “நாஞ்சொன்னது எங்க கண்ணு?” என்று மட்டும் கேட்டாராம். அந்த 3,000 பேரும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியே அவரை நம்மிடம் அனுப்பியிருக்கிறது.

அப்பெரியவரின் அரைமணி நேரப் பேச்சையும் வெட்டாமல் வெளியிடப் போவதாகக் கூறி அவர் விடைபெற்றார். அதற்கு முன்பாக அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்குமாறு மட்டும் நாம் சொன்னோம்.