ஈடு

அபாரமான மனத்திறனைக் கண்டு வியப்பதில் ஒழுக்கப் பிரச்னை எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. வியப்பு இகழ்ச்சிக்கு எதிரானது, ஆகவே நல்லது என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே பார்வையிலிருந்து பிறக்கக்கூடியவை என்ற சந்தேகத்தை இங்கே எழுப்பிப் பார்க்கலாம்.

ஆட்டிஸம் உள்ள ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவன் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர், ‘ஆனால் இவர்களிடம் ஏதாவதொரு அபூர்வத் திறமை இருக்குமாமே’ என்கிறார். இதில் கெட்ட எண்ணம் இல்லை. ஒன்றைப் பறித்த கடவுள் வேறொன்றை வைத்திருப்பார் என்ற ஆறுதல்தான். ஈடு என்ற சொல்லுக்கு இழப்புக்குப் பதிலாக வருவது என்று ஓர் அர்த்தம்; கடனுக்காகப் பிடித்துவைப்பது என்று இன்னோர் அர்த்தம். முதல் அர்த்தத்தில் தொடங்கும் பேச்சு, பேசுகிறவருக்கே தெரியாமல் இரண்டாவது அர்த்தத்துக்கு நகர்ந்துவிடுகிறது. வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே எடையும் மாற்றும்தான் பேச்சு. நகை நல்லதென்றால் எதிரே நிற்பவரிடம் மரியாதை தானாக வரும். அந்த மரியாதை நகைக்கு உரியது.

இந்த நகை எத்தனை பேரிடம் இருக்கிறது? 1978இல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், பெற்றோர்கள் தந்த விவரங்களைக்கொண்டு, ஆட்டிஸம் உள்ள குழந்தைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு இத்தகைய தனித்திறன் இருப்பதாகக் கணக்கிட்டார். பின்வந்த ஆய்வுகளில் விகிதம் மாறினாலும், பெரும்பான்மையோரிடம் அது இல்லை என்பது மாறவில்லை. 1887இல் லண்டன் மருத்துவர் லாங்டன் டவுன் இவர்களைக் குறிக்கக் கையாண்ட பெயர் இரண்டு சொற்களால் ஆனது. ஒன்றுக்கு மூடன் என்று பொருள், மற்றதற்கு அறிஞன். நாகரிகம் கருதி முதல் சொல் பிற்பாடு விடப்பட்டது. 1988இல் ‘ரெயின் மேன்’ படம் வந்தபின், மிஞ்சிய சொல்லே ஆட்டிஸம் முழுவதற்கும் முகமாகிவிட்டது. அப்படத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிஸம் இல்லை என்றே பின்னர் கருதப்பட்டது. ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனத்தில் வைத்திருந்த அவருக்குச் சட்டைப் பித்தான் போடுவது பெரும்பாடு. 2009இல் அவர் இறக்கும்வரை அன்றாடம் பார்த்துக்கொண்டவர் அவருடைய தந்தை.

பிரச்னைக்கு மறுபக்கமும் உண்டு. ஆலிவர் ஸாக்ஸ் 1985இல் இரட்டையர் இருவரைப் பற்றி எழுதினார். 1966இல் அமெரிக்காவில் அரசு மனநல மருத்துவமனையொன்றில் அவர்களைச் சந்தித்தபோது அவர்களுக்கு வயது 26. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வார்கள். சாதாரணக் கூட்டல் கழித்தல் வராது. ஒருநாள் மூலையில் உட்கார்ந்து ஒருவர் ஆறிலக்க எண் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதை ருசிப்பதுபோல் தலையசைத்துவிட்டு வேறோர் எண்ணைச் சொல்வதை ஸாக்ஸ் பார்த்தார். அவை பகா எண்கள் என்று வீட்டில் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் எட்டிலக்கப் பகா எண்ணொன்றோடு போய்ச் சேர்ந்துகொண்டார். சற்று யோசித்துவிட்டு அவருக்கும் இடம் விட்டார்கள். இவ்விளையாட்டில் வந்த எண்களைப் பற்றிய விவரங்களில் ஆய்வாளர்கள் பிற்பாடு ஐயம் தெரிவித்திருக்கிறார்கள். எண்கள் எப்படியானாலும், விளையாட்டில் அவர்களுக்கிருந்த சந்தோஷத்தை ஐயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. 1977இல், அவர்கள் நன்மைக்காகவே, இருவரையும் பிரித்தார்கள். கண்காணிப்பில் சில்லறை வேலை செய்யவும் தனியே பஸ் ஏறவும் பழகினார்கள். எண்கள் போய்விட்டன, அந்தச் சந்தோஷமும் போய்விட்டதாக ஸாக்ஸ் எழுதுகிறார்.

பஸ் ஏறத் தெரிவது அற்பமல்ல. தனக்குப்பின் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தூக்கம் வராமல் கிடக்கும் தாயிடம் பகா எண்களின் அழகைப் பேசுவது அகம்பாவம். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்று விதித்தது யார்? திறமை இருந்தால்தான் மதிப்பு என்கிறவரும், எதற்கும் உதவாத திறமை எதற்கு என்று பறிக்கிறவரும் ஒரே பேரேட்டில் பற்று எழுதுகிறவர்கள். அந்த மனம் நமக்கு என்ன தரும் என்பதுதான் இருவருடைய கேள்வியும்.

மேடையேற்றி வியப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட அதே 1929இல்தான் பெங்களூரில் சகுந்தலா தேவி பிறந்தார். சர்க்கஸ்காரரான தந்தை சீட்டுக்கட்டு வித்தையில் மூன்று வயது மகளின் நினைவாற்றலைக் கண்டுகொண்டு, சர்க்கஸை விட்டுவிட்டு மகளை ஊர் ஊராக அழைத்துப்போனார். எட்டு வயதில் அவர் அண்ணாமலைநகரில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 வினாடியில் பெருக்கினார். இவரை ஆட்டிஸத்தோடு சேர்க்க முடியாது. இவரைச் சோதித்து 1990இல் கட்டுரை எழுதிய ஆர்தர் ஜென்ஸன், ‘ரெயின் மேன்’ படிமத்துக்கு நேர்மாறான, கலகலப்பான மனுஷி என்கிறார். கணக்குக்கு வெளியே எளிய சோதனைகளில் அவருடைய வேகம் சாதாரணமாகவே இருந்தது. 1980 தேர்தலில் மேடக்கில் இந்திரா காந்தியை எதிர்த்து நின்றவர் அவர். திறமைக்கு வெளியே தனக்கென்று ஓர் உருவத்தைச் செய்துகொள்ள அவருக்குத் தெம்பு இருந்தது. எட்டு வயதில் அது எப்படி இருந்திருக்கும்? முறையான பள்ளிப்படிப்பு இல்லாத ஒரு குழந்தை பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. விடை சரியா என்பதோடு அவையின் அக்கறை முடிந்துவிடுகிறது.

நம் மரபில் இதற்கென்றே ஒரு கலை இருந்தது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். கேட்ட வெண்பாவை முடிப்பது, கணக்கை அவிழ்ப்பது, மணியோசையை எண்ணுவது, முதுகில் விழும் பொருள்களை எண்ணுவது என்று பல காரியங்களில் ஒரே நேரத்தில் மனத்தைச் செலுத்துவது அவதானம். வயதுவந்த ஒருவர் பயின்று, தானே ஏற்று நின்ற மேடை அது; அதனால் அதில் குற்றமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சொல். அவதானம் என்றால் கவனம். நூறு விஷயங்களைக் கவனிக்கும் ஒருவரை வியக்க நூறு பேர் கூடுகிறோம். ஓடும் மின்விசிறியையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையனைக் கவனிக்க ஒருவர் அகப்படுவதில்லை. அவன் கவனத்துக்கு அவையில்லை. ஏனென்றால் அதிலிருந்து நமக்கு விடை எதுவும் வராது.

உள்ளே ஒரு மேதை பூட்டப்பட்டிருக்கிறான், திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் இதே ஈட்டின் வேறு ரூபம்தான். சிதம்பர ரகசியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: திரையை விலக்கினால் அங்கே உருவம் கிடையாது, பொன்வில்வ மாலை தொங்கும் வெளி. அந்த வெளியைக் கும்பிடக் கற்றுத்தந்த ஊர், ஒரு குழந்தையிடம் மட்டும் திரைக்குப் பின்னால் புதையல் தேடவேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தையும் பட்டியலில் சேர்த்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. இச்சட்டம் குறையின் சதவிகிதத்தைக் கேட்கிறது. ஆனால் உரிமைக்கு ஈடாகத் திறமையைக் கேட்கவில்லை. அந்த அளவில் அது நம் வியப்பைவிட நாகரிகமானது. இன்னும் பழைய நாகரிகமொன்று சிதம்பரத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. 1867இல் வடலூரில் ராமலிங்க அடிகள் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டே இதைச் சொல்லலாம். அங்கே இலைக்கு முன்னால் உட்காருகிறவரிடம் பசியைத் தவிர வேறு தகுதி கேட்கப்படுவதில்லை. மனிதனை ஏற்றுக்கொள்ள எதை ஈடாகக் கேட்கிறோம் என்ற கேள்வியை நம் இலக்கிய அளவுகோல்களுக்கும், நாம் மேதைமை என்று கொண்டாடுபவற்றுக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்ளவேண்டும். அந்த ஒன்பது பேர் அதுவரை காத்திருக்கிறார்கள்.