வேகத்தில் கிடைப்பது அமைதியா?

புனேயில் ஞாயிறுதோறும் நடைபெறும் எங்கள் கீதை வகுப்பின் முடிவில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மென்பொருள் துறையில் பணிபுரிபவர், நேர்மையானவர், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள விரும்பாதவர்.

"ஐயா, தினமும் இருபது நிமிடம் கண்களை மூடி அமர்கிறேன். மனம் ஒரு கணமும் நிற்பதில்லை. ஆனால் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு விரைவுச்சாலையில் 140 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது எண்ணங்கள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. நேற்று என்பது இல்லை, நாளை என்பதும் இல்லை. இதுவும் ஒருவகைத் தியானம்தானே?"

அருகிலிருந்த சிலர் சிரித்துவிட்டனர். என்னால் சிரிக்க இயலவில்லை. அது பல ஆண்டுகளுக்கு முன் என்னுள்ளேயே எழுந்த கேள்வி. அன்று அவருக்கு நான் முழுமையாக விடை சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மறுக்க முடியாத இன்பம்

காரை வேகமாக ஓட்டுவதில் ஓர் இன்பம் இருக்கிறது. அதை ஆடம்பரம் என்றும் அகந்தை என்றும் சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பிறர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக ஓட்டுபவர்கள் உண்டு. ஊர் உறங்கும் வேளையில், பார்ப்பவர் எவருமின்றி, ஓட்டும் இன்பத்திற்காகவே ஓட்டுபவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன்.

என்னுடையது சிறிய கார்தான். 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 குதிரைத்திறன். ஆனால் காலின் சிறு அசைவுக்கும் உடனே பணியும் இயல்பு அதற்கு இருந்தது. வளைவு நெருங்கும்போது எங்கே பிரேக்கை அழுத்துவது, எங்கே விடுவது, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புவது என்று ஒவ்வொன்றிலும் கற்றுக்கொள்ள ஏதேனும் இருந்தது. சக்கரங்கள் சாலையைப் பற்றும் விதம் இருக்கையின் வழியாகவும் விரல்களின் வழியாகவும் உடலுக்குத் தெரியவரும். சரியாக எடுத்த ஒரு வளைவு, சுருதி சேர்ந்த தம்பூராவைப் போல மனத்தை நிறைத்துவிடும். எந்தக் கலையிலும் தேர்ச்சி தரும் மகிழ்ச்சி அது. அதில் இழிவானது எதுவும் இல்லை.

ஆகவே இன்பம் உண்மையா, பொய்யா என்பது இங்கே கேள்வி அன்று. அந்த இன்பத்தில் மனம் அடங்குகிறதே, அந்த அடக்கத்தின் தன்மை என்ன என்பதே கேள்வி.

மொனாக்கோவில் ஒரு நாள்

இக்கேள்விக்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் தகுதிச் சுற்று நடந்தது. பிரேசில் நாட்டின் அயர்ட்டன் சென்னா, அதே அணியில் அதே வகைக் காரை ஓட்டிய அலென் புரோஸ்ட்டை 1.4 வினாடிகளுக்கும் மேலான வேறுபாட்டில் முந்தினார். வினாடியின் நூற்றில் ஒரு பங்கைக் கணக்கிடும் அந்த உலகில் இது நம்புதற்கரிய வேறுபாடு.

அந்தச் சுற்றுகளில் தமக்கு நேர்ந்ததைச் சென்னா பின்னர் விவரித்தார். தாம் காரை அறிந்து ஓட்டவில்லை, அது உள்ளுணர்வினால் நடந்தது என்றார். நகரத் தெருக்களாலான அந்தப் பாதை முழுவதும் ஒரு சுரங்கப்பாதையைப் போல் ஆகிவிட்டது என்றார். திடீரென்று விழித்துக்கொண்டதுபோல் உணர்ந்து, தம் அறிவின் எல்லைக்கு அப்பால் வந்துவிட்டோம் என்று அஞ்சி, மெதுவாகத் திரும்பிவிட்டார். அன்று மீண்டும் அவர் ஓட்டவில்லை.

படிப்பவருக்கு இது சமாதி அனுபவத்தின் வருணனை போலவே தோன்றும். ஆனால் மறுநாள் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தயத்தில் சென்னா மற்ற அனைவரையும் வெகுதூரம் பின்னே விட்டு முன்னணியில் இருந்தார். இனி நிதானமாக ஓட்டினால் போதும் என்று அணியினர் அறிவித்தனர். அதன் பின், 78 சுற்றுகளில் 67-ஆவது சுற்றில், அவரை எவரும் நெருக்காத நிலையில், ஒரு வளைவில் தடுப்பின்மீது மோதி வெளியேறினார். அபாயம் நெருக்கியவரை நிலைத்து நின்ற மனம், அது தளர்ந்தவுடன் நழுவிவிட்டது.

கடன் வாங்கிய ஒருமை

வேதாந்தம் இதை விளக்குகிறது. இன்பம் பொருளில் இல்லை. மனத்தின் அலைகள் ஓயும்போது நம்முள் என்றும் இருக்கும் ஆனந்தமே வெளிப்படுகிறது. நாமோ அலைகள் ஓய்ந்த வேளையில் எதிரே எந்தப் பொருள் இருந்ததோ அதுவே இன்பம் தந்தது என்று முடிவு செய்துவிடுகிறோம். காரும் வேகமும் அவ்வாறு பெருமை பெற்றவையே.

வேகத்தில் மனத்தை அடக்குவது யார்? நாம் அல்ல. தவறினால் மரணம் என்பதை உடல் அறியும். அந்த அச்சமே மற்ற எண்ணங்களையெல்லாம் விரட்டிவிடுகிறது. புலி துரத்தும்போது வீட்டுக் கடனைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அதனால் அவர் கவலையை வென்றவர் ஆகிவிட மாட்டார்.

இது கடன் வாங்கிய ஒருமை. கடனுக்கு வட்டி உண்டு. நூறு கிலோமீட்டரில் கிடைத்த அமைதி சில மாதங்களில் பழகிப்போயிற்று, 120 தேவைப்பட்டது, பின்னர் 140. வண்டியை நிறுத்தி இறங்கியதும் பழைய சலனங்கள் அனைத்தும் வாசலில் காத்திருந்தன. அதே நாள் காலை அலுவலகத்திற்குச் செல்லும் வழியில், சிக்னலில் எனக்கு முன்னே நின்ற ஆட்டோ நகரத் தாமதமானதற்காக அந்த ஓட்டுநர்மீது எரிந்து விழுந்திருக்கிறேன். தியானத்திலிருந்து எழுந்தவன் நடந்துகொள்ளும் முறையா அது? தொடக்கத்தில் அமுதம் போலிருந்து முடிவில் நஞ்சாகும் இன்பத்தை ராஜசம் என்று கீதை வகைப்படுத்துவதை அந்நாட்களிலும் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அது வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று எண்ணியிருந்தேன்.

ஒரு விடியற்காலை

மும்பை–புனே விரைவுச்சாலை 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 94 கிலோமீட்டர் நீளம், ஆறு வழித்தடங்கள். சமவெளிப் பகுதியில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 100 கிலோமீட்டர். அன்று தளேகாவைத் தாண்டி நான் 140-இல் சென்றுகொண்டிருந்தேன். பனிக்காலம், சாலையில் வண்டிகள் குறைவு. மனம் முற்றிலும் அமைதியாக இருந்தது.

இடப்புறத்திலிருந்து ஒரு முதியவர் சாலையின் குறுக்கே வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, வேட்டி, கையில் பால் கேன். பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தேன். கார் அதிர்ந்து, அலறி, நின்றது. நான் நின்ற இடம், அவர் கடந்த இடத்திற்கு அப்பால் இருந்தது. எட்டி நடந்து நடுத்திட்டை அடைந்துவிட்டதால் அவர் பிழைத்தார். என் திறமை அவரைக் காப்பாற்றவில்லை. அவருடைய கால்கள் காப்பாற்றின.

திரும்பிப் பார்த்தேன். அவர் பால் கேனைக் கீழே வைத்தார். என்னை நோக்கி இரு கைகளையும் கூப்பினார். தவறு செய்தவர் தாம் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டார்.

அச்சாலையை நடந்து கடப்பது விதிகளுக்குப் புறம்பானது, உண்மைதான். என்னுடைய வேகமும் விதிகளுக்குப் புறம்பானதே. ஆனால் அவருடைய தவற்றினால் இறக்கவிருந்தவர் அவர். என்னுடைய தவற்றினாலும் இறக்கவிருந்தவர் அவரே. அப்படியிருந்தும் கைகூப்பியவர் அவர். காருக்குள் அமர்ந்திருந்தவன் நான்.

பின்னர் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 28 மீட்டர் செல்கிறது. 140-இல் 39 மீட்டர். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்கு மாற்ற ஒரு வினாடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த சாலை, நல்ல டயர்கள். 100-இல் வந்த கார் ஏறத்தாழ 83 மீட்டரில் நின்றுவிடும். 140-இல் வந்த காரோ அதே 83-ஆவது மீட்டரில் இன்னும் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் ஓர் உயிரைப் பறிக்கும். இடையே உள்ள வேறுபாடு, "சற்றே கூடுதல்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாற்பது கிலோமீட்டர்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கும் மேல் இறந்தது மிகை வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், காரும் இல்லாமல், இருசக்கர வண்டியும் இல்லாமல், நடந்து சென்றவர்.

"என் உயிர், என் விருப்பம்" என்று வேகப் பிரியர்கள் சொல்வதுண்டு. பொதுச்சாலையில் அந்த வாதம் நிற்காது. நான் பணயம் வைத்தது என் உயிரை மட்டும் அன்று. என்னை அறியாத, என்னிடம் அனுமதி தராத ஒருவருடைய உயிரையும்தான். தீங்கு செய்யும் எண்ணம் எனக்கு இல்லை என்பது அவருக்கு எவ்வகையில் ஆறுதல்? எண்ணத்தில் வெறுப்பு இல்லாதிருப்பது அகிம்சையின் ஒரு பாதி. பிறர் இருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்பது மறுபாதி.

சுரங்கமும் விளக்கும்

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். வேகத்தில் கிடைக்கும் ஒருமை தியானமா?

வேகம் கூடக் கூடக் கண்ணின் கவனம் குறுகுகிறது. பக்கவாட்டில் உள்ளவை மங்கி, எதிரே ஒரு புள்ளி மட்டும் எஞ்சுகிறது. சென்னா சுரங்கப்பாதை என்று சொன்னது எவ்வளவு பொருத்தம்! சுரங்கத்தில் செல்பவனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே வேறு எதுவும் அவனைச் சலனப்படுத்துவதில்லை. அன்று காலை என் மனம் அமைதியாக இருந்தது, அந்த முதியவர் அதில் இல்லாததால்தான்.

தியானத்தில் நிலைத்த மனத்திற்குக் கீதையின் ஆறாம் அத்தியாயம் வேறோர் உவமையைச் சொல்கிறது: காற்றில்லாத இடத்தில் அசையாமல் எரியும் விளக்கு. விளக்கு அசையாதபோது அறை இருளடைவதில்லை. அறையிலுள்ள ஒவ்வொன்றும் முன்னிலும் தெளிவாகத் தெரிகிறது. அதே அத்தியாயம் பிறருடைய இன்பதுன்பங்களைத் தன்னுடையவையாகவே காண்பவனை உயர்ந்த யோகி என்று போற்றுகிறது. பிறரை மறக்கச் செய்யும் ஒருமை ஒன்று. பிறரைக் காணச் செய்யும் ஒருமை மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வேறுபாட்டை அறிய ஒரே வழி, அது யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்று கேட்பதுதான்.

அப்படியானால் காரின்மீதுள்ள அன்பைத் துறந்துவிட வேண்டுமா? அவ்வாறு நான் சொல்ல மாட்டேன். கிரேட்டர் நொய்டாவிலும் கோயம்புத்தூர் அருகிலும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயப் பாதைகள் உள்ளன. அங்கே வருபவர்கள் அபாயத்தை அறிந்து வருகிறார்கள். பால் கேனுடன் எவரும் குறுக்கே வருவதில்லை. கலைக்கு உரிய இடம் உண்டு; அந்த இடத்தில் அதைப் பயில்வதில் குற்றமில்லை.

ஆனால் பாதை எதுவாயினும் ஒன்றை மறக்கலாகாது. உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் கடோபநிஷதம் சித்திரிக்கிறது. குதிரைகளைக் கொன்றுவிடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் தேர் ஓடாது. கடிவாளம் சாரதியின் கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டத் தெரிந்தவன் நல்ல சாரதி என்பது பாதி உண்மைதான். நிறுத்த வேண்டிய கணத்தில் நிறுத்த மனம் வருபவனே சாரதி.

சென்னா 1994-ஆம் ஆண்டு மே முதல் நாள் இத்தாலியில் இமோலா பந்தயத்தில், தமது 34-ஆவது வயதில் உயிரிழந்தார். அவரை நினைக்கும்போது மொனாக்கோவைவிட எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1992-இல் பெல்ஜியத்தில் நடந்த ஒரு பயிற்சி ஓட்டம். எரிக் கோமாஸ் என்ற ஓட்டுநர் மோதி நினைவிழந்து கிடந்தார்; அவருடைய காரின் என்ஜின் இன்னும் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. சென்னா தம் காரை நிறுத்தி, இறங்கி, ஓடுபாதையில் ஓடிச்சென்று, அந்த என்ஜினை அணைத்தார். மருத்துவர்கள் வரும்வரை அவருடைய தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். சுரங்கத்திற்குள் சென்ற அதே மனிதரிடம் அந்த விளக்கும் இருந்தது.

அந்த இளைஞருக்கு ஒரு சிறு பயிற்சியை மட்டும் சொன்னேன்: "அதே விடியற்காலையில், அதே சாலையில், அதே காரை 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதே முழுக் கவனத்துடன் ஓட்டுங்கள். சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் பாருங்கள். அப்போதும் அமைதி கிட்டினால் அது உங்களுடையது. கிட்டாவிட்டால், இதுவரை கிட்டியது என்ஜினுடையது என்று அறிந்துகொள்ளுங்கள்."

நானும் அதைத்தான் பயின்று வருகிறேன். முதலில் சலிப்பாக இருந்தது. இன்றும் சில நாட்களில் கால் தானாக அழுத்துகிறது. அப்போதெல்லாம் கூப்பிய அந்த இரு கரங்கள் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு நான் திருப்பிச் செலுத்த வேண்டிய வணக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. நம் கண்ணுக்கு எதிரே வரும் ஒவ்வொருவரையும் காணும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.