போர் ஓய்ந்த பின்

கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துத் திருநெல்வேலிக்குத் திரும்புகையில் கயத்தாறு குறுக்கிடுகிறது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. பேருந்து அங்கு நிற்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது.

இல்லறத்தார்க்கு விரோதி இம்சை முற்றிலும் விலக்கப்பட்டதன்று. தாக்க வருபவனைத் தடுக்கலாம். எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையோ அறவே ஆகாது. செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியதைப் போர் என்றே கொள்வோம். (தாக்க வந்தவர் யார் என்பது வேறு வழக்கு!) ஆனால் கயத்தாற்றில் நின்றவர் கைதி. மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண்முன் தூக்கிலிட்டது அச்சமூட்டுவதற்காகவே. சென்னையிலிருந்த கும்பெனி அரசும் தளபதியின் கையைப் பிடிக்கவில்லை.

அந்த அச்சமாவது நிலைத்ததா? 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை மீண்டும் எழுந்தது. மே மாதம் வரை இருபுறமும் உயிர்கள் மாய்ந்தன.

பரதனும் பாகுபலியும் படையுடன் எதிர்நின்றபோது அமைச்சர்கள் குறுக்கிட்டனர். சேனைகள் ஒதுங்கி நிற்க, பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என்று உடன்பிறந்தார் இருவரே பொருதனர். தோற்ற அண்ணன் ஆத்திரத்தில் ஏவிய சக்கரமும் தம்பியைத் தீண்டவில்லை. ஒரு போர்வீரனும் மடியவில்லை.

1951 ஏப்ரலில், கொரியப் போரைச் சீனத்தின்மேலும் விரிக்க விழைந்த தளபதி மக்கார்தரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பதவி நீக்கினார். அதுவும் அவ்வமைச்சர்களின் செயலை ஒத்ததே. எனினும் 1945இல் ஹிரோஷிமாவின்மேல் அணுகுண்டு வீச இசைந்தவரும் அவரே. அவரைப் புகழ நமக்கு நா எழவில்லை. பரதனின் அமைச்சருள் ஒருவர் கயத்தாற்றில் இருந்திருக்கலாகாதா என்றே எண்ணுகிறோம்.