சுக்கான் பிடித்த கை

'வாழ்க்கைக் கப்பலுக்கு நீயே மாலுமி. சுக்கான் உன் கையில்' என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் பாய்மரக் கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பற்றி அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள். நான் குடியிருக்கும் மாங்காட்டில் கடல் கிடையாது. ஆனாலும் இந்த உவமை இங்கேயும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு கல்யாண வாழ்த்து மடலில்கூடப் பார்த்தேன்.

அந்தச் சக்கரம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கப்பலில் ஏறியது. அதன் அச்சில் ஓர் உருளை. அதில் சுற்றிய கயிறு கப்பிகளின் வழியே ஓடி, சுக்கானோடு பிணைத்த மரத்தண்டை இழுக்கும். பெரிய கப்பல்களில் புயல் நாளில் நான்கு பேர் சேர்ந்து பிடித்ததுண்டு. சக்கரத்தின் கைப்பிடிகளில் ஒன்றுக்கு மட்டும் கயிறு சுற்றியிருப்பார்கள். இருட்டிலும் விரலால் தடவி, சுக்கான் நேராக நிற்கிறதென்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் எங்கே போவது என்று மட்டும் சக்கரம் பிடித்தவனை யாரும் கேட்டதில்லை. மேலதிகாரி திசையைச் சொல்வார். இவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புவான். அவ்வளவுதான்.

அப்படியானால் கப்பல் கெட்டால் அவனுக்குப் பொறுப்பில்லையா? 'சொன்னதைச் செய்தேன், ஸார்' என்பது நம் அலுவலகங்களில் நித்தியம் கேட்கிற பதில். இதைக் கோழையின் பேச்சென்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938 ஆகஸ்டில் தமிழ் மாலுமிகள் அதை மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 'குளோஸ்டர்' என்பது ஒரு சொல். வழியிலே ஒவ்வோர் அலையும் கப்பலின் மூக்கை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். கை அதை மீட்டிருக்கும். அந்த ஆயிரமாயிரம் சின்னத் திருத்தங்கள் எந்தக் கட்டளையிலும் அடங்குவன அல்ல. அவை கைக்குரியவனின் சொந்தம். கட்டளைக்கு அடங்கியவனுக்கும் இவ்வளவு சொந்தம் இருக்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் சக்கரத்தைப் பிடித்திருந்தவர் ராபர்ட் ஹிச்சன்ஸ். அது நீராவிக் கப்பல்தான். கட்டளை மொழியோ பாய்மரக் காலத்தது. 'வலப்புறம்' என்றால் தண்டு வலப்புறம் போகவேண்டும், கப்பல் இடப்புறம் திரும்பும் என்று பொருள். 1930களில்தான் இந்தத் தலைகீழ் வழக்கம் ஒழிந்தது. அதிகாரி மர்டாக் அப்படித்தான் கூவினார். ஹிச்சன்ஸ் உடனே திருப்பினார். கப்பலும் இடப்புறம் திரும்பியது, வலப்பக்கத்தைப் பனிப்பாறை கிழித்தது. விசாரணையில் அந்தக் கைமேல் குற்றம் காணவில்லை.

ஆனால் அதே இரவில், அதே மனிதர் ஆறாம் எண் உயிர்காப்புப் படகுக்குப் பொறுப்பாளராகத் தண்டைப் பிடித்தார். 65 பேருக்கான படகில் பாதி இடம் காலி. இருட்டில் தண்ணீரிலிருந்து ஓலம் கேட்டது. திரும்பிப் போகலாம் என்று பெண்கள் கெஞ்சியும் அவர் மறுத்தார் என்று உடனிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். தாம் அப்படி மறுக்கவில்லை என்றார் அவர். கடலில் கிடந்தவர்கள் படகையே கவிழ்த்துவிடுவார்கள் என்ற அச்சமும் பொய்யல்ல. எது எப்படியோ, அந்தப் படகு திரும்பவில்லை. அங்கே அவருக்குக் கட்டளையிட மேலே ஒருவரும் இல்லை.