ஆய்வாளரை ஆய்ந்தவர் யார்?

மருத்துவப் பட்டம் பெறாத உளப்பகுப்பாய்வாளர் தியடோர் ரைக் மீது வியன்னாவில் போலி மருத்துவக் குற்றச்சாட்டு எழுந்ததையொட்டி, இத்துறையின் நிறுவனர் ஃபிராய்டு 1926இல் வெளியிட்ட நூல், உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது நனவிலி மனத்தில் புதைந்தவற்றைப் பேச்சின் வழியே வெளிக்கொணரும் சிகிச்சைக்கு, மருத்துவக் கல்வி கட்டாயமில்லை என வாதிட்டது. அவர் இன்றியமையாததாகக் கொண்ட தகுதி வேறு: பகுப்பாய்வு செய்ய விரும்புபவர் முதலில் தாமே மற்றொருவரின் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். பெர்லின் பயிற்சி நிறுவனம் 1920களில் விதியாக்கிய இந்நிபந்தனை, தீட்சை பெற்றவரே தீட்சை அளிக்கலாம் என்னும் சமய நெறியை ஒத்தது. ஆயினும், குருபரம்பரையின் தலையில் இறைவனையே வைத்து முதல் குருவுக்குத் தீட்சை அளித்தவர் யார் என்னும் வினாவைச் சைவம் போன்ற மரபுகள் தீர்த்துக்கொள்ள, ஃபிராய்டோ தம்மைத் தாமே ஆய்ந்தவர், அதே வேளையில் உண்மையான தன்னாய்வு இயலாதது என்று 1897இல் தம் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதியவரும்கூட. அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1938இல் மருத்துவர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது முதல் ஆய்வாளரை ஆய்ந்தவர் யார் என்னும் வினாவுக்கு விடையாகாது. தன்னையறிதலை அளக்க இயலாத நிலையில், சரிபார்க்க எளிய பட்டத்தை அது பற்றிக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.