யாருக்கும் சொந்தமில்லாத மாத்திரை

லோசார்டன் என்று ஒரு பிபி மாத்திரை. 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே யாராவது தினமும் காலையில் போட்டுக்கொண்டிருக்கலாம். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதே ஆஞ்சியோடென்சினுக்குக் குடல் அழற்சியிலும் பங்கிருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்களுக்கு இந்த வகை மாத்திரைகள் உதவுமா? ஆய்வக எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. நோயாளிகளின் பழைய பதிவுகளை அலசிய சில ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன.

‘அப்ப போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?’

இருபது வயதில், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகிற ஒருவர் இப்படிக் கேட்டால், பொறுமையாக இருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் பேதியில் நீர் வற்றிய உடம்பில் இதே மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் சாப்பிட்டால் கருவுக்கு ஆபத்து. இந்த நோயோ பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்குகிறது. அறுபது வயது பிபிக்காரருக்குப் பழகிப்போன மாத்திரை என்பதாலேயே இவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை இரண்டு பக்கமும் போயிருக்கிறது. மூட்டுவாதத்துக்காக ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் உருவாக்கிய சல்ஃபாசலசின், கொலைட்டிஸுக்கு இன்றும் மருந்து. வலிப்பு மருந்தான டோபிராமேட் 2011-இல் எலிகளின் குடல் அழற்சியைக் குறைத்தது. பின்னர் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது அந்தப் பலனைக் காணோம். எது எந்தப் பக்கம் போகும் என்பது மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் தெரியும்.

சரி, யார் சோதிப்பது? பேடண்ட் காலாவதியான மருந்து இது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், அதனால்தான் விலை மலிவு. அதனாலேயே, கோடிகளைக் கொட்டிச் சோதிக்க எந்தக் கம்பெனிக்கும் காரணம் இல்லை. பலன் இருப்பது நிரூபணமானாலும் போட்ட பணம் திரும்பாது. கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘லாபம் பார்ப்பவரே சோதிக்கட்டும்’ என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது நாம்தானே? எனக்குத் தோன்றுவது இதுதான்: யாருக்கும் சொந்தமில்லாத மருந்து எல்லோருக்கும் சொந்தம். அதைச் சோதிக்கும் செலவும் எல்லோருடையதும்தான். அதாவது அரசுப் பணம், பொதுப் பணம்.

இதில் பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்ட்டிசோன் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கொலைட்டிஸ் நோயாளிகள் 210 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொடுத்தது மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆறு வாரத்தில் நோய் அடங்கியது கார்ட்டிசோன் எடுத்தவர்களில் 41 சதவீதம், மற்றவர்களில் 16 சதவீதம். அந்த 16 தெரியாமல் 41-க்கு அர்த்தமே இல்லை. வெற்று மாத்திரையோடு நோயை அனுபவித்தவர்களின் புண்ணியத்தில்தான் பின்னால் வந்தவர்களுக்கு வைத்தியம் உறுதியானது.

பிபி மாத்திரைக்கும் அப்படிச் சிலர் முன்வர வேண்டியிருக்கும். அவர்கள் உடம்பைத் தரத் தயாராக இருக்கும்போது, செலவை ஏற்க ஆளில்லை என்று நாம் கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?